தெருக்குழாய் என்பவர் யார்?

செப்டம்பர் 2, திங்கள்

டைரியின் அட்டையில் வெள்ளை லேபிள் ஒட்டி, ‘த. யோகப்பிரியா, பதினொன்றாம் வகுப்பு அ பிரிவு, அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி, செங்காட்டூர்’ என்று மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டேன். பெயர் இல்லாத பொருள் தொலைந்தால் எடுத்தவர் யாரிடம் கொண்டு சேர்ப்பார்? துணிக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்த போன வருடத்து டைரி இது. அச்சிட்ட தேதியை அடித்துவிட்டு நானே தேதி போட்டுக்கொள்கிறேன்.

எழுதச் சொன்னவர் கிருபாவதி மிஸ். மாவட்டப் பேச்சுப்போட்டிக்குப் பள்ளியிலிருந்து என்னை அனுப்புகிறார். தலைப்பு: ‘இணையத்தில் பொது விவாதம் செய்வோர் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும்.’ நான் ‘வேண்டும்’ அணி. சீட்டுக் குலுக்கியதில் வந்தது. என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். சுற்றி நடப்பதைத் தினமும் பார்த்து எழுது, உதாரணம் தானாகக் கிடைக்கும் என்றார் மிஸ்.

அதனால் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அப்பா லாரி ஓட்டுகிறார். இப்போது நாக்பூர் பக்கம் இருக்கிறார். அம்மா பேரூராட்சியில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர், தினக்கூலி. மேற்பார்வையாளர் ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்றால் அன்றோடு வேலை முடிந்தது. போன மழைக்காலத்தில் அம்மாவோடு வேலை பார்த்த இரண்டு அக்காக்களுக்கு அப்படித்தான் ஆனது. டார்ச், கரண்டி, மருந்து பாட்டில், சாக்பீஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் டிரம், குடம், பிரிட்ஜின் பின்பக்கம் வரை பார்ப்பார். பார்த்த வீட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டு வருவார். ஊரில் அம்மாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கொசுக்காரம்மா என்பார்கள்.

திங்கள் இரட்டைக்கிணற்று வீதி. செவ்வாய் தறிக்கார வீதி. புதன் பள்ளிவாசல் வீதி. வியாழன் சந்தைமேடு. வெள்ளி புதுக்காலனி. சனிக்கிழமை வாராந்திர அறிக்கை. அம்மா சொல்லச் சொல்ல அதை நான்தான் கட்டம் போட்டு எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மிஸ்ஸுக்கு வாங்கிய பேனா எழுதவில்லை. மாற்றித் தர வேண்டும்.

இரண்டாம் மாடியில் எனக்குச் சன்னலோர இடம். சன்னலுக்கு நேரே ஊரின் பெரிய மேல்நிலைத் தொட்டி. முதல் பாடவேளையில் பெயின்டர் ஒருவர் வந்து, அதன் தூணில் ‘சுத்தம் செய்த நாள்’ என்பதற்கு எதிரே 5.9 என்றும், ‘அடுத்த நாள்’ என்பதற்கு எதிரே 20.9 என்றும் எழுதினார். ஒன்பது என்ற எண்ணை ஒரே வீச்சில் போடுகிறார். பொறாமையாக இருந்தது. எழுதி முடித்ததும் டப்பாவை மூடிக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

தொட்டிமேல் ஏறும் இரும்பு ஏணிக்குக் கீழே கம்பிக் கதவு இருக்கிறது. அதன் பூட்டின்மேல் கோவைக்கொடி நான்கு சுற்றுச் சுற்றிப் படர்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தாவரவியல் பதிவேட்டில் பற்றுக்கம்பிக்குப் படம் வரைய வேண்டும். இதையே வரையலாம்.

செப்டம்பர் 7, சனி

அறிக்கை எழுதினோம். ‘மஞ்சள்காமாலை’ என்ற கடைசிக் கட்டம் இனி வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். கொசுவுக்கும் காமாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாராம். ஒரு கட்டம் குறைந்தால் எனக்குக் கோடு போடுவது சுலபம். அம்மா தன் பாக்கெட் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 11, புதன்

முகநூலில் ‘செங்காட்டூர் குரல்’ என்று ஒரு குழு இருக்கிறது. குப்பை வண்டி வராதது முதல் கோயில் தேர் வரை எல்லாவற்றையும் அதில்தான் பேசுவார்கள். அப்பாவின் பழைய போன் என்னிடம் இருப்பதால் வீட்டுப்பாடம் முடித்துவிட்டு அரை மணி நேரம் படிப்பேன். இன்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். பெயர் ‘தெருக்குழாய்’. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளைக் குழாய்ப் படம். எழுதியிருந்தது இது:

“தறிக்கார வீதியில் ஆறு வீட்டில் மஞ்சள்காமாலை. ஆறும் தொட்டித் தண்ணீர் குடிக்கும் வீடுகள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஒன்பது வீட்டில் ஒருவருக்கும் இல்லை. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்?”

கீழே நூறு பேர் சண்டை. குழுவை நடத்துபவர் சம்பத் அண்ணா. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். “தொட்டித் தூணில் தேதி எழுதியிருக்குது, கண்ணு தெரியாதா? தைரியம் இருந்தா பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க” என்று எழுதியிருந்தார். நானும் மனத்துக்குள் அதையே சொன்னேன். தேதி எழுதியதை நானே பார்த்தேனே.

சாப்பிடும்போது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்றார். நாங்கள் இரண்டு வாரமாகக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

செப்டம்பர் 14, சனி

விலங்கியல் படம் பிரின்ட் எடுக்கச் சம்பத் அண்ணா கடைக்குப் போனேன். பேச்சுப்போட்டி பற்றிச் சொன்னதும் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அக்டோபர் ஒன்று முதல் குழுவில் சொந்தப் பெயர், சொந்தப் படம் இல்லாமல் யாரும் எழுதக் கூடாது என்று விதி கொண்டுவரப் போகிறாராம். நல்ல தமிழில் எழுதித் தரச் சொன்னார். அங்கேயே எழுதினேன். ‘பெயரை மறைப்பவர் முகத்தை மறைப்பவர். முகத்தை மறைப்பவர் உண்மையை மறைப்பவர்’ என்று முடித்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்தார். டைப் செய்யாமல் என் கையெழுத்திலேயே பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

“அந்தக் குழாய் யாருன்னு நீயும் ஒரு கண்ணு வெச்சுக்க அம்மிணி. படிக்கிற புள்ளைக்குத்தான் இதெல்லாம் புலப்படும்” என்றார்.

ஒருவர் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் 20, வெள்ளி

காலாண்டுத் தேர்வு, தமிழ். கால் மணி நேரம் முன்பே முடித்துவிட்டுச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பெயின்டர் வந்து 20.9 என்று மாற்றினார். கீழே நின்றபடியே எழுதிவிட்டுப் போனார். கோவைக்கொடியில் காய் விட்டிருக்கிறது, இரண்டு பழுத்தும்விட்டன. பூட்டின்மேல் இப்போது ஆறு சுற்று.

என் தோழி ரஸ்மியா தேர்வுக்கு வரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் ஒரு தேர்வுக்குக்கூட வராமல் இருந்ததில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

பள்ளிவாசல் வீதிக்குப் போய் ரஸ்மியாவைப் பார்த்தேன். மஞ்சள்காமாலை. கண் எலுமிச்சம்பழம் போல் இருக்கிறது. “கண்ணுக்கு மேட்ச்சா ஒரு சுடிதார் எடுக்கலாம்டி” என்றாள். சிரித்ததும் வாந்தி வந்துவிட்டது. அவளுடைய அம்மா முதுகைத் தடவிக்கொண்டே, உப்பில்லாத கஞ்சி மூன்று நாளாக உள்ளே நிற்கவில்லை என்றார்.

வியாழக்கிழமையே தெருக்குழாய் எழுதியிருந்தார்: “பள்ளிவாசல் வீதியில் நான்கு வீடு. ஒரு வீட்டில் தேர்வு எழுத வேண்டிய பெண் படுத்திருக்கிறாள்.” வீட்டுக்குள் வந்து பார்த்ததுபோல் எழுதியிருக்கிறார். எனக்கு வெறுப்பாக இருந்தது. யாரோ ஒருவர் இந்த வீட்டுக்குள் வந்து, நோயாளியைப் பார்த்து, வெளியே போய் முகத்தை மூடிக்கொண்டு எழுதுகிறார். அந்த வாரம் யார் யார் வந்தார்கள் என்று ரஸ்மியாவின் அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ரத்தம் எடுத்த லேப்காரர். கீழாநெல்லி கொண்டுவந்த பெரியம்மா. குழாய் ரிப்பேர்காரர். டிரம்மைப் பார்க்க வந்த என் அம்மா. அம்மாவை விட்டால் ஆக மூன்று பேர்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சந்தேகப் பட்டியல் (கீழாநெல்லிப் பெரியம்மாவிடம் போனே இல்லை, அவரை விட்டுவிட்டேன்):

லேப்காரர். ஆனால் அவர் புதுக்காலனிப் பக்கம் போவதில்லை. புதுக்காலனி பற்றியும் தெருக்குழாய் எழுதிவிட்டார்.

குழாய் ரிப்பேர்காரர். பெயர்ப் பொருத்தம் இருக்கிறது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது என்கிறார்கள். அது நடிப்பாகவும் இருக்கலாம்.

கிருபாவதி மிஸ். எதையும் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்பவர். பெயர் இல்லாமல் எழுதுவதில் நியாயம் இருக்கலாமா என்றும் யோசி என்று நேற்று என்னிடம் சொன்னார். ஏன் சொன்னார்?

தினமும் வணக்கம் சொல்கிறவர்களை இப்படிப் பட்டியல் போட்ட பிறகு, அவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது முன்போல் இல்லை. இன்று மிஸ் என் தோளில் கை வைத்தபோது நகர்ந்துகொண்டேன். பெயரை மறைப்பதால் வரும் கேடு இதுதான். போட்டியில் சொல்லலாம்.

டைரியை நான் மேசையில் வைத்திருந்தேன். மாலை வந்தபோது அரிசி டிரம்மின்மேல் இருந்தது.

செப்டம்பர் 28, சனி

விடுமுறை. சம்பத் அண்ணா கடையில் அவர் ஒரு படிவம் பிரின்ட் எடுத்துக்கொண்டிருந்தார். ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி 5.10 அன்று முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டதற்கான சான்று.’ தொட்டி கழுவும் ஒப்பந்தம் அவருடைய மச்சானுடையதாம். ஐந்தாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அண்ணா எதையும் முன்கூட்டியே தயார் செய்து வைப்பவர்.

அக்டோபர் 1, செவ்வாய்

விதி அமலுக்கு வந்தது. தெருக்குழாயைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் தன் பக்கத்திலேயே எழுத, ஊர்க்காரர்கள் அதை வாட்ஸாப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். இரட்டைக்கிணற்று வீதியில் ஐந்து வீடு என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “பெயர் சொன்னால் தொட்டியைக் கழுவுவீர்களா? கழுவுவதாக இருந்தால் சொல்கிறேன்.”

அதைப் போட்டிக் குறிப்பில் எதிரணிக் கேள்வியாக எழுதிவைத்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். முழுவதும் இல்லை, பாதி.

தெருக்குழாய் இதுவரை எழுதியவை பதினான்கு. எல்லாவற்றையும் கிழமைவாரியாகக் கட்டம் போட்டேன். செவ்வாயில் எழுதினால் இரட்டைக்கிணற்று வீதி, புதனில் தறிக்கார வீதி, வியாழனில் பள்ளிவாசல் வீதி, வெள்ளியில் சந்தைமேடு, சனியில் புதுக்காலனி. ஒரு தடவைகூட மாறவில்லை. நேற்று எழுதியது: “தறிக்கார வீதி, எட்டு வீடு.”

கடைக்கு ஓடிப்போய்ச் சம்பத் அண்ணாவிடம் காட்டினேன். இந்த ஆள் வாரம் ஒரு நாள் ஒரு வீதி என்று முறை வைத்துப் போகிறவர், அடுத்த நாள் எழுதுகிறார் என்று விளக்கினேன். அவர் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். தாளைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். பென்சிலில் போட்டிருந்ததால் எனக்குக் கூச்சமாக இருந்தது. பேனாவில் சுத்தமாக எழுதி அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேஸ் சிலிண்டர்காரராக இருக்குமா? அவருக்கும் கிழமைக் கணக்கு உண்டு.

அக்டோபர் 5, சனி

மாலையில் அம்மாவின் அறிக்கை எழுதினோம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்ல, நான் கட்டம் போட்டேன். முதலில் கிழமை. பிறகு வீதி. பிறகு பார்த்த வீடுகள், புழு இருந்த பாத்திரங்கள். கை தானாக ஐந்தாவது கட்டத்தையும் கோடு போட்டுவிட்டது. செவ்வாய், தறிக்கார வீதி என்று எழுதி, அந்த ஐந்தாவது கட்டத்தில் எட்டு என்று போட்டேன்.

அம்மாவின் கத்தி நின்றது.

“அந்தக் கட்டம்தான் வேண்டாம்னுட்டாங்களே சாமி.”

மறந்துவிட்டேன் என்றேன்.

“எட்டுன்னு யாரு சொன்னா?”

“போன வாரம் ஏழுங்கம்மா. அதான் ஒரு உத்தேசமா.”

போன வாரமும் அந்தக் கட்டம் கிடையாது. அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். பக்கத்தில் அவருடைய பாக்கெட் நோட்டு திறந்தபடி கிடந்தது. எண்களைப் பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டேன்.

வேறு தாள் எடுத்து நான்கு கட்டம் மட்டும் போட்டு எழுதினேன். வெங்காயத்தால் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

பென்சிலில் கட்டம் போட்ட தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். சீருடைக்கு இஸ்திரி போட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

நேற்றுப் பள்ளி திறந்தது. தூணில் 5.10 என்று எழுதியிருக்கிறது. பூட்டின்மேல் கொடி எட்டுச் சுற்று. ஒரு சுற்றுகூட அறுபடவில்லை. ஒரு மாதமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். படம் வரைந்து, பற்றுக்கம்பி என்று பாகம் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கினேன்.

சம்பத் அண்ணாவுக்குத் தாளைக் கொடுத்தேன். பேனாவில், அடிக்கோல் வைத்து, இதுவரை எழுதியதிலேயே அழகான கையெழுத்தில் எழுதியது. கிழமைகள் எல்லாம் பொய். எந்தத் தொழில்காரருடைய முறையோடும் ஒத்துப்போய்விடக் கூடாது என்று கேஸ்காரர், லேப்காரர், தண்டல்காரர் ஒவ்வொருவராக வைத்துச் சரிபார்த்துத்தான் மாற்றினேன். உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. பொய்யைச் சரியாகச் செய்ய இரண்டு நாள்.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அன்னிக்கு வேற மாதிரி இருந்துச்சே அம்மிணி.” பென்சிலில் போட்டது தப்பு என்றேன். தலையாட்டிவிட்டு, வேறு ஏதோ ஞாபகம் வந்தவர்போல் கேட்டார்.

“உங்கம்மா திங்கக்கெழமையில எந்த வீதிக்குப் போவாங்க?”

“தெரியாதுங்கண்ணா.”

கடைக் கண்ணாடியில் என் கையெழுத்து ஒட்டியிருந்தது. முகத்தை மறைப்பவர் உண்மையை மறைப்பவர்.

அக்டோபர் 12, சனி

மேற்பார்வையாளர் வரும் வாரத்துக்கு அம்மாவின் வீதிகளை மாற்றிவிட்டாராம். திங்கள் புதுக்காலனி, செவ்வாய் சந்தைமேடு, இப்படிப் பின்னாலிருந்து முன்னால். மற்ற அக்காக்களுக்கு மாற்றவில்லை. எதற்கென்று அம்மா கேட்டதற்கு, சும்மாதான் என்றாராம்.

சும்மா இல்லை. சம்பத் அண்ணா மேற்பார்வையாளரிடம் சொல்லியிருப்பார். அந்த வாரம் தெருக்குழாயின் வீதிகளும் அதேபோல் மாறுகின்றனவா என்று பார்க்கப் போகிறார்கள். மாறினால் சனிக்கிழமை ‘வர வேண்டாம்’ என்பார்கள். அதோடு விடுவார்களா என்றும் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வது? நான்தான் அந்தக் கட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன் என்றா? எனக்குத் தெரியும் என்றா? தெரிந்ததைச் சொன்னால் அம்மா அதோடு நிறுத்திவிடுவார். ரஸ்மியாவை நேற்று ஈரோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினேன். பெயர் கேட்டது. பள்ளிச் சன்னலை நினைத்துக்கொண்டு ‘கோவைப்பழம்’ என்று போட்டேன். பிறந்த தேதியும் பொய். தெருக்குழாய்க்கு எழுதினேன்: “இந்த வாரம் வீதி எதையும் எழுத வேண்டாம். வீதிகளை மாற்றியது உங்களைப் பிடிக்கத்தான்.”

நான் முன்னறையில் இருந்தேன். அம்மா அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் போன் மேடைமேல் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தியிருந்தது. நான் அனுப்பியதும் டம்ளர் கிணுகிணுத்தது.

தற்செயலாக இருக்கலாம். ஒரே ஒரு முற்றுப்புள்ளி மட்டும் அனுப்பினேன். மறுபடி கிணுகிணுத்தது.

தோசை கருகும் வாசனை வந்தது. வெகுநேரம் யாரும் அதைத் திருப்பவில்லை. பிறகு அம்மா தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கருகின தோசை அவர் தட்டில் இருந்தது. இருவரும் தொலைக்காட்சியில் வானிலை பார்த்தோம்.

அக்டோபர் 14, திங்கள்

பள்ளி விட்டு வந்து இந்த டைரியிலிருந்து செப்டம்பர் 5, செப்டம்பர் 20, அக்டோபர் 8 ஆகிய பக்கங்களில் தொட்டி பற்றிய வரிகளைப் படம் எடுத்துக் கோவைப்பழத்திலிருந்து அனுப்பினேன். அம்மா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். போனையும் கொண்டுபோயிருந்தார். பதில் வந்தது.

“படத்தை உடனே அழி. இந்தக் கையெழுத்து ஊரில் ஒரு கடைக் கண்ணாடியில் இருக்கிறது. டைப் செய்து அனுப்பு. நீ யார் என்று எனக்குச் சொல்லாதே. தெரிந்தால் யாராவது கேட்கும்போது மறைக்க வேண்டி வரும்.”

டைப் செய்து அனுப்பினேன். அம்மா துணிகளோடு இறங்கி வந்து, என் சீருடையை மட்டும் தனியாக மடித்து வைத்தார். பொத்தான் ஒன்று தளர்ந்திருக்கிறது என்றார்.

அக்டோபர் 16, புதன்

இன்று காலை தெருக்குழாய் எழுதியது. வீதி இல்லை, வீடு இல்லை, எண்ணிக்கை இல்லை:

“ஒரு மாதத்தில் தொட்டியை மூன்று முறை கழுவியதாகத் தூணில் எழுதியிருக்கிறது. மேலே ஏற ஒரே வழி ஏணி. ஏணிக்கு ஒரே கதவு. அந்தக் கதவின் பூட்டைச் சுற்றிக் கோவைக்கொடி எட்டுச் சுற்றுப் படர்ந்து பழுத்திருக்கிறது. கதவைத் திறந்திருந்தால் கொடி அறுந்திருக்கும். என்னை நம்ப வேண்டாம். போய்ப் பாருங்கள்.”

இரண்டாம் பாடவேளையில் முதலில் வந்தவர் ரஸ்மியாவின் அத்தா. ஈரோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் மருத்துவமனைப் பை அப்படியே இருந்தது. கதவுக்கு முன்னால் குனிந்து நின்று, கொடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு பேர், பிறகு பத்துப் பேர். உணவு இடைவேளைக்குள் வேலியோரம் நிற்க இடமில்லை. நாங்கள் எல்லோரும் சன்னலில் தொங்கினோம். இன்று மிஸ்ஸும் அதட்டவில்லை.

சம்பத் அண்ணா பைக்கில் வந்தார். பேரில்லாத எவனோ கிளப்பிவிட்ட வதந்தியை நம்பி இங்கே வந்து நிற்கலாமா, எழுதியவன் யாரென்று யாருக்காவது தெரியுமா என்று சத்தம் போட்டார். ரஸ்மியாவின் அத்தா திரும்பினார். அவர் உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. இன்று இரண்டாம் மாடிவரை கேட்டது.

“பேரு யாருதா இருந்தா என்னங்க. கொடி இருக்குதுல்ல.”

அக்டோபர் 18, வெள்ளி

அதிகாரி முன்னிலையில் கொடியை அரிவாளால் அறுத்து, பூட்டை உடைத்தார்கள். சாவி யாரிடமும் இல்லை. மூன்று பேர் மேலே ஏறினார்கள். உள்ளே என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். வாளி வாளியாக இறக்கினார்கள். சன்னலை மூடும்படி மிஸ் சொன்னார்.

தண்ணீர் லாரி வந்தது. அம்மா இரண்டு குடம் பிடித்தார்.

அக்டோபர் 21, திங்கள்

சம்பத் அண்ணாவின் மச்சானுடைய ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. ரஸ்மியா கஞ்சி குடிக்கிறாளாம். கண்ணின் மஞ்சள் குறைகிறதாம்.

அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. வாரம் முழுவதும் பார்த்தும் வீதிக் கணக்கில் எதுவும் சிக்கவில்லை. ஆனால் இன்று முதல் மேட்டு வளவுக்கு மாற்றிவிட்டார்கள். போக மூன்று கிலோமீட்டர், பஸ் கிடையாது. காரணம் கேட்டால் சும்மாதான்.

பள்ளி வாசலில் சம்பத் அண்ணா பைக்கை நிறுத்தினார். சிரித்த முகம்தான்.

“அந்தக் கொடி ரோட்டுல நின்னு பாத்தாத் தெரியாது அம்மிணி. மேல இருந்து பாத்தவங்கதான் சொல்லியிருக்கோணும். உனக்குச் சன்னலோரம்தானே?”

“எங்க கிளாசுல அறுபத்திரெண்டு பேருங்கண்ணா. எல்லாருமே சன்னலைத்தான் பாப்போம்.”

இனிமேல் அவர் கடைக்குப் போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று நினைப்பார். போனால் ஏன் வந்தாள் என்று நினைப்பார். இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

பேச்சுப்போட்டி. மேடையில் என் பெயரையும் இன்ஷியலையும் பள்ளியையும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டால் நிமிர்ந்து நடப்பேன். இன்று அந்தப் பெயருக்குப் பின்னால் யார் யாருடைய வேலை, யார் யாருடைய வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணியபடி நடந்தேன்.

வாதங்களை ஒழுங்காகச் சொன்னேன். பெயரோடு பேசுவதுதான் பொறுப்பு, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு ஒளிந்துகொள்வது கோழைத்தனம். இப்போதும் அதை நம்புகிறேன். கடைசியில் அந்த இரண்டு வரிகள் வர வேண்டும். பெயரை மறைப்பவர் என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை. மறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக் கைதட்டினார்கள். பரிசு இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிருபாவதி மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறந்துவிட்டதா என்று கேட்கவே இல்லை. வேர்க்கடலை வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினார். இரண்டு வாரம் என் பட்டியலில் இருந்தவர்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தோம். நான் பரணில் ஒட்டடை அடித்தேன், அம்மா கீழே பாத்திரங்களை விளக்கினார். புது எவர்சில்வர் தூக்கு ஒன்றில் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து, நகம் படாமல் துணியால் துடைத்தெடுத்தார். அம்மா ஸ்டிக்கர் எடுத்தால் ஒட்டியிருந்த சுவடே தெரியாது.

மாலையில் டைரியைத் தேடினேன். மேசையில் இல்லை. அரிசி டிரம்முக்குள், அரிசிக்கு அடியில், பாலிதீன் பையில் சுற்றி இருந்தது. அட்டையில் லேபிள் இல்லை. அது இருந்த இடம் கொஞ்சம் பளபளத்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய்.

செப்டம்பர் 2ஆம் தேதிப் பக்கத்திலும் என் பெயரும் பள்ளியும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் லேசாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கிழிக்கவில்லை. அதை என் முடிவுக்கு விட்டிருக்கிறார்.

“என்ன தேடற?” என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டார்.

“ஒண்ணுமில்லைங்கம்மா. படி எங்கன்னு பாத்தேன்.”

அரிசியைத் தட்டிச் சமமாக்கி, டிரம்மை மூடினேன்.